பொய்ப்பல்லின் மெய்வரலாறு

கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்திற்கு ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வரும் முதியோரிடையே எங்கள் பெரியம்மாவும் ஒருவராக இருந்தார். ஆலய வாசலில் சற்று ஒதுங்கி நின்று, முந்தானையில் முடிந்திருந்த பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகே அவர் உள்ளே நுழைவார். வீடு திரும்பியதும் அது மீண்டும் முந்தானை முடிச்சுக்குள் போய்விடும். குழம்பில் ஊறிய மீனையும் குழைந்த சோற்றையும் ஈறுகளால் மசித்தே விழுங்குவார். பல் கட்டியும் பல்லில்லாமல் உண்பதேன் என்று வினவினால், “இது சாப்பிடுறதுக்கா கட்டினது? நாலு பேரு பாக்குறதுக்குக் கட்டினது” என்பார். ஐரோப்பாவின் இருநூறு ஆண்டு வரலாற்றை அவர் தம்மையறியாமலே ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்பது, இப்பொருளைப் பற்றிப் பின்னாளில் படிக்கப் புகுந்தபோதுதான் நமக்கு விளங்கியது.

‘பல் கட்டுதல்’ என்கிறோம். பல்லை வைப்பதாகவோ பதிப்பதாகவோ நம் மக்கள் சொல்வதில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு ஆறேழு நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர், விழுந்த பல்லுக்கு மாற்றாக வேறொரு பல்லை வைத்து, பக்கத்துப் பற்களோடு பொன் பட்டையால் உண்மையாகவே கட்டினார்கள். கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட அப்பட்டைகளில் பெரும்பாலானவை பெண்டிருடையவை என்பர். ஆக, தொடக்கத்திலேயே அது அணியாகவும் இருந்தது. ‘பல் போனால் சொல் போச்சு’ என்னும் பழமொழி மற்றொரு பயனைச் சொல்கிறது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா தொடும்போது பிறப்பவை என்று நம் பழைய இலக்கணிகள் குறித்து வைத்தார்கள். முன்பற்கள் இரண்டும் போனவர் ‘தந்தை’ என்று சொல்லிப் பார்த்தால் அந்நூற்பாவின் பொருள் உரையின்றியே விளங்கும்.

பல் கட்டும் கதை பல் பிடுங்கும் கதையிலிருந்து தொடங்குவது. 249-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் கலகக் கும்பலிடம் பற்களையும் உயிரையும் இழந்த புனித அப்பொலோனியாவை, ஆயர் தியொனீசியு தம் மடலில் வயது முதிர்ந்த கன்னியாகவே குறிப்பிடுகிறார். ஓவியர்கள் பின்னர் அவரை இளம்பெண்ணாக்கி, கையில் குறடு ஒன்றையும் அதன் நுனியில் பல்லொன்றையும் கொடுத்தார்கள். பிப்ரவரி 9-இல் நினைவுகூரப்படும் அம்மூதாட்டியிடம் பல்வலிக்காரர் அனைவரும் மன்றாடியதில் வியப்பில்லை. மயக்க மருந்து இல்லாத காலத்தில், ஒரு பல்லைப் பிடுங்குவதே ஒரு சிறு மறைசாட்சியம்.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சு வணிகர் கோட்டை கட்டித் துணி வாங்கிக்கொண்டிருந்த நாள்களில், அவர்களுடைய ஐரோப்பாவில் செல்வர்களின் வாய் எந்நிலையில் இருந்தது? யானைத் தந்தத்திலும் நீர்யானைத் தந்தத்திலும் பல்வரிசை செதுக்கினார்கள். மேல்வரிசை விழாதிருக்க, மேலையும் கீழையும் சுருள்வில்லால் இணைத்தார்கள். வாயை மூடியே வைத்திருப்பதற்குத் தாடைத் தசை ஓயாது போராட வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் வாய் தானே திறந்துகொள்ளும். எலும்பும் தந்தமும் எச்சிலில் ஊறி நாறும். ஆகவே விருந்துக்குப் போகுமுன் வீட்டிலேயே உண்டுவிட்டு, விருந்தில் பல்லோடு புன்னகை மட்டும் செய்து திரும்பியவர் பலர். பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபொஷார் 1728-இல் பல் மருத்துவத்துக்கென்று முழுநூல் எழுதியதும், பெர்லின் நகரத்து ஃபிலிப் ஃபாஃப் 1756-இல் மெழுகில் வாயின் அச்சை எடுத்து அதைச் சுண்ணத்தில் வார்க்கும் முறையை எழுதி வைத்ததும் பெரும் முன்னேற்றங்கள். ஆயினும் உண்ணும் பல் இன்னும் பிறக்கவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டனின் கதை பலரும் அறிந்தது. ஆனால், தவறாக அறிந்தது. அவருடைய பல் மரத்தாலானதன்று. 1789 ஏப்ரல் 30-இல் அவர் அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மற்றவை நீர்யானைத் தந்தமும் உலோகமும் மனிதப் பற்களும் சேர்ந்தவை. அந்த மனிதப் பற்கள் எங்கிருந்து வந்தன? 1784-ஆம் ஆண்டின் அவர் வீட்டுக் கணக்கேட்டில், நீக்ரோக்களிடம் ஒன்பது பற்கள் வாங்கியதற்கு 122 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு உள்ளது. அவை அவர் வாய்க்கே சென்றன என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று வரலாற்றாசிரியர் சொல்வர். சென்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், அடிமைகள் தம் பல்லை விற்ற வரி அந்த ஏட்டில் இருக்கிறது. 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் இறந்துகிடந்த இளைஞர்களின் பற்களும் பிடுங்கப்பட்டு விலைக்குப் போயின. அத்தகைய பற்களுக்கு இங்கிலாந்தில் ‘வாட்டர்லூ பல்’ என்றே பெயர் வழங்கியது. முதுமையை மறைக்க ஏழையின் வாயையும் இறந்தோரின் வாயையும் தேடிப்போன காலம் அது.

இந்த இருட்டுக்கு வெளியே, கீழ்த்திசையில் வேறு விதமான பல் ஒன்று இருந்தது. ஜப்பானின் வகயாமா பகுதியில் கோயில் ஒன்றை நடத்திய பௌத்தத் துறவிப் பெண் ஒருவர் 1538-இல் இறந்தார். புனித பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் கரையிறங்கியது அதற்குப் பதினோராண்டு கழித்து. அப்பெண்மணியின் மேல்தாடைப் பல்வரிசை இன்றும் உள்ளது. பற்களும் அடித்தளமும் ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டவை. கடிக்கும் பக்கம் தேய்ந்திருக்கிறது. அதாவது அவர் அதனால் உண்டார். சுருள்வில் இல்லை, அண்ணத்தோடு ஒட்டிப் பொருந்தியதாலேயே அது நின்றது. இத்தகைய மரப் பற்களைச் செய்தோர் புத்தர் சிலை செதுக்கும் சிற்பிகளே என்பது ஆய்வாளர் கருத்து. ஒட்டிப் பொருந்தும்வரை செதுக்கிச் செதுக்கிப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இருந்தது.

பிலடெல்பியாவில் இருந்த கார்டெட் என்னும் பல் மருத்துவர் இதே உண்மையை 1800-ஆம் ஆண்டளவில் தற்செயலாகக் கண்டார். ஒரு பெண்மணிக்கு மேல்வரிசை செய்துகொடுத்து, ‘வாய்க்குப் பழகட்டும், பிறகு வந்து சுருள்வில் வைக்கிறேன்’ என்று சொல்லிப் போனவர் பல வாரம் வர மறந்துவிட்டார். வந்து பார்த்தபோது, வில்லில்லாமலே அது உறுதியாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒரு துளி நீர் விட்டால் அவை பிரிய மறுப்பதைப் பார்த்திருப்போம். ஈற்றுக்கும் பல்செட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமும், ஓரம் நன்கு மூடியிருந்தால் வெளிக்காற்றின் அழுத்தமும் அந்த வேலையைச் செய்கின்றன. உமிழ்நீர் வற்றியவர்க்குப் பல்செட்டு நில்லாது வருந்துவதும் இதனாலேயே.

அதன்பின் இரண்டு கண்டுபிடிப்புகள் உலகையே பொக்கை வாயாக்கி, உலகுக்கே பல் கட்டின. 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவை உள்ளிழுத்துத் தம் பல்லையே நோவின்றிப் பிடுங்கச் செய்தார். 1846-இல் மார்ட்டன் ஈத்தரைக் கொண்டுவந்தார். வலியில்லையென்றதும், காக்கக்கூடிய பல்லும் குறட்டுக்கு இரையாயிற்று. மற்றொன்று ரப்பர். குட்இயர் குடும்பத்தார் 1851-இல் காப்புரிமை பெற்ற கடினரப்பரை வாயின் அச்சிலேயே வார்க்க முடிந்ததால், பொன்னும் தந்தமும் வாங்க இயலாத எளியவர்க்கும் முதன்முறையாகப் பொருந்தும் பல் கிடைத்தது. காப்புரிமை வைத்திருந்த நிறுவனமோ ஒவ்வொரு மருத்துவரிடமும் கட்டணம் கறந்தது. கட்ட மறுத்தோரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அதன் பொருளாளர் ஜோசையா பேக்கனை, வழக்கால் நொந்துபோன பல் மருத்துவர் ஒருவர் 1879-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ விடுதியொன்றில் சுட்டுக் கொன்றார். அன்று உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு.

ரப்பரின் குறை அதன் நிறம். ஈறு போன்ற இளஞ்சிவப்பு அதில் வராது. 1930-களின் இறுதியில் அக்ரிலிக் வந்தது, அக்குறையும் தீர்ந்தது. இன்று நம் ஊர்களில் கட்டப்படும் பல்செட்டு பெரும்பாலும் அதுவே. அதைச் செய்யும் முறையை ஒருமுறை பார்க்க நேர்ந்தபோது, நமக்கு மாமல்லபுரமே நினைவுக்கு வந்தது. 1957-இல் அங்கே தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரியில் கல்லோடு உலோகச் சிற்பமும் கற்பிக்கிறார்கள். முதலில் மெழுகில் உருவம், அதைச் சுற்றி மண்ணால் கரு, மெழுகை உருக்கி வடித்தால் உள்ளே வெற்றிடம், அவ்விடத்தில் உலோகம். பல் கட்டுவோரும் மெழுகில் பல்லை அடுக்கி, வாயில் வைத்துப் பார்த்துத் திருத்தி, சுண்ணத்தில் புதைத்து, வெந்நீரில் மெழுகை வடித்து, அவ்விடத்தில் அக்ரிலிக் மாவைத் திணித்து வேக வைக்கிறார்கள். மெழுகாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம். வார்த்தபின் மாற்றுவது அரிது. ஆகவே, மெழுகில் பல்லை வைத்துக் காட்டும் நாளில் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தயங்கக்கூடாது. வீட்டார் ஒருவரை உடன் அழைத்துப் போவதும் நல்லது. நம் முகத்தை நம்மைவிட அதிகம் பார்த்தவர் அவர்களே.

ஆனால் வெண்கலச் சிலைக்கு இல்லாத ஒரு தொல்லை இங்கு உண்டு. சிலையின் பீடம் மாறாது; பல்செட்டின் பீடமாகிய தாடை எலும்போ கரைந்துகொண்டே இருக்கும். பல் இருந்தவரை அதைத் தாங்குவதற்காக இருந்த எலும்பு, பல் போனதும் தன் வேலை முடிந்ததென்று சுருங்கத் தொடங்குகிறது. பிடுங்கிய முதல் சில மாதங்களில் இது மிக விரைவு. அவசரப்பட்டு உடனே கட்டியது சில மாதத்தில் ஆடுவதும், உட்புறம் மறுபூச்சுப் போட வேண்டி வருவதும் இதனால்தான். செய்தவரின் பிழையாகவே அது இருக்க வேண்டியதில்லை. ஆன்ட்யே டால்கிரன் என்னும் அம்மையார் பல்செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து அளந்து 1972-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கீழ்த்தாடையின் கரைவு மேல்தாடையினதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கீழ்ப்பல் ஏன் இத்தனை தொல்லை தருகிறது என்று கேட்கும் முதியவர்க்கு இதுவே விடை. நாக்கும் கன்னமும் இருபுறமும் நின்று தள்ள, அது சிறு பாத்தி வரப்பின்மேல் வைத்த ஏணிபோல் நிற்கிறது.

இவ்விடத்தில் செங்கற்பட்டுக்கு வருவோம். நகரை அடுத்த திருமணியில் 1920-களில் தோன்றியது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். அது 1955-இல் இந்திய அரசின் மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று. தொழுநோய் விரல்களைச் சிதைப்பதை அனைவரும் அறிவர். பல்லைச் சிதைப்பதைச் சிலரே அறிவர். டேனிஷ் மருத்துவர் மொல்லர் கிறிஸ்டென்சன், நெஸ்ட்வெத் ஊரில் புனித ஜார்ஜ் பெயரால் நடந்த இடைக்காலத் தொழுநோயாளர் இல்லத்தின் கல்லறையைத் தோண்டினார். மூக்கின் அடி எலும்பும் மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பும் கரைந்திருப்பதை அங்கிருந்த மண்டையோடுகள் பலவற்றில் கண்டார். மூச்சுக்காற்றால் குளிர்ந்திருக்கும் பகுதியையே அக்கிருமி நாடுகிறது. எனவே முன்பற்கள் ஆடி விழுகின்றன. சிகிச்சை இல்லாத காலத்தில், தொழுநோயாளரைத் தெருவில் அடையாளம் காட்டிக்கொடுத்தது விரல் மட்டுமன்று, அந்த முகமும்தான். இன்று காலத்தோடு மருந்துண்டால் நோய் இந்நிலைக்கு வராமலே குணமாகும்.

1947-இல் அந்த இல்லத்தை மருத்துவர் ராபர்ட் காக்ரேன், வேலூருக்குப் புதிதாக வந்திருந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டுக்குச் சுற்றிக் காட்டினார். மடங்கிய விரல்கள் கொண்ட ஒரு நோயாளியின் கையைப் பிராண்டு பற்றியபோது, அந்தக் கை அவர் கையைத் தாங்கமுடியாத வலிமையோடு இறுக்கியது. தசை சாகவில்லை, உணர்வுதான் செத்திருக்கிறது என்று அவர் அறிந்த கணம் அது. நோயைவிட நோவின்மையே அவ்வுடல்களை அழித்தது என்று அவர் பின்னர் வாழ்நாளெல்லாம் எழுதினார். வலியை ஒரு கொடை என்றே சொன்னார்.

பல்செட்டு பற்றிய கட்டுரையில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். நிறைய உண்டு. புதிதாகக் கட்டிய பல்லின் விளிம்பு எங்கோ ஓரிடத்தில் ஈற்றை உறுத்தும், சிவக்கும், புண்ணாகும். மருத்துவர் அவ்விடத்தை இம்மியளவு தேய்த்துத் தந்தால் அது ஆறிவிடும். உறுத்தும் இடத்தை எந்த அளவுகோலும் முன்கூட்டிக் காட்டாது. வலி மட்டுமே காட்டும். இரண்டு மூன்று முறையாவது திரும்பிச் செல்லாமல் வசதியான பல் யாருக்கும் அமைந்ததில்லை. வலிக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால், புண் ஆறி இடம் மறைந்துவிடும். போவதற்கு முந்திய நாளாவது மாட்டியிருக்க வேண்டும். நம் பெரியவர்களோ வலியைச் சொல்வதைக் குறை சொல்வதாக எண்ணி வாளாவிருந்துவிடுகிறார்கள். எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான். முதற்பல்லைக் கட்டியவரிடம் அவர் திரும்பிப் போகவே இல்லை. “காசு வாங்கிக்கிட்டு கட்டிக் குடுத்தாரு. மறுபடியும் போயி அவரை என்ன கேக்கறது?” என்றார்.

கட்டியவரும் வரச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்நாட்டில் பல் கட்டுவோர் வந்த வழி நீண்டது. கல்கத்தாவில் 1920-இல் மருத்துவர் ரஃபியுதீன் அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான பணத்துக்காக அவர் ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்னும் கடை நடத்தினார் என்பது சுவையான செய்தி. இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவம். சீனத்தின் ஹூபே மாநிலத்திலிருந்து வந்து கல்கத்தாவிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டிய குடும்பங்களும் இருந்தன. அவர்களிடம் கட்டிய பல் பலருக்குச் சாகும்வரை உழைத்தது. 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டமில்லாமல் ஐந்தாண்டுக்கு மேல் தொழில் செய்தோருக்கும் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தமிழகத்தில் தொடங்கிற்று. அந்த இடைவெளியில் நடைபாதையில் பல்லைப் பரப்பி அமர்ந்தவர்களும் பெருகினார்கள். பல் நிற்பதற்காக மேல்செட்டின் நடுவே ரப்பர் வட்டு ஒன்றைப் பதித்துத் தருவது அவர்களில் சிலரது உத்தி. அது முதலில் நன்றாக உறிஞ்சிப் பிடிக்கும்; ஆண்டுகள் செல்ல அண்ணத்தையே துளைத்துவிடும்.

ஆங்கில நாட்டில் இச்செய்தி அமைச்சரவையையே அசைத்திருக்கிறது. 1948-இல் இலவச மருத்துவம் வந்ததும் பல்செட்டுக்கு மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். 1951-இல் அதற்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தபோது, அத்திட்டத்தின் தந்தையாகிய அனாய்ரின் பெவன் பதவி துறந்தார். நம் பக்கத்துக் கேரளம் ‘மந்தஹாசம்’ என்னும் பெயரில் அறுபது கடந்த வறியவர்க்குப் பல் கட்டித் தருகிறது. பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றுகிறது.

இனி அழகைப் பற்றி. பொய்ப்பல்லைப் பொய்யென்று காட்டிக்கொடுப்பது அதன் குறையன்று, குறையின்மையே. எழுபது வயது முகத்தில் பதினெட்டு வயதின் வெண்மை. அளவெடுத்த கோலப்புள்ளி போன்ற வரிசை. 1914-இல் லியோன் வில்லியம்ஸ் என்பவர், முகத்தின் வடிவைத் தலைகீழாக்கினால் முன்பல்லின் வடிவு கிடைக்கும் என்றார். சதுர முகத்துக்குச் சதுரப் பல், நீள்வட்ட முகத்துக்கு நீள்வட்டப் பல். இது விதியாக நிற்கவில்லை என்றாலும், பல்லை முகத்தோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுத் தந்தது. 1950-களில் ஃப்ரஷ், ஃபிஷர் என்னும் இரு அமெரிக்கர் இன்னும் ஒருபடி சென்றார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் சுவிட்சர்லாந்தின் வில்ஹெல்ம் செக் என்னும் சிற்பி. ஆணா பெண்ணா, என்ன இயல்பினர், என்ன வயது என்று பார்த்துப் பல்லை அமைக்கச் சொன்னார்கள். வயதுக்கேற்பத் தேய்த்து, நிறம் மங்கச் செய்து, ஒன்றைச் சற்றே திருப்பி வைக்கச் சொன்னார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் விலா எலும்பை எண்ணும்படி செதுக்கிய சிற்பிக்கு இது புதிய பாடமாக இருந்திராது. மூப்பையும் மெலிவையும் மறைக்காமலே அவன் அழகு செய்தான்.

இன்று காட்டாங்குளத்தூரிலும் மேல்மருவத்தூரிலும் கேளம்பாக்கம் சாலையிலுமாகச் செங்கற்பட்டு மாவட்டத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் பல்லை நிறுத்தும் முறையும் வந்துவிட்டது. சுவீடனின் பிரோனமார்க் 1965-இல் மனிதரிடம் தொடங்கியது அது. கீழ்த்தாடைக்கு இரண்டு திருகுகளாவது போட்டுக் கட்டுவதே முதல் தேர்வு என்று 2002-இல் மாண்ட்ரியாலில் கூடிய வல்லுநர் கூறினர். அதன் செலவு கோவளத்து மீனவக் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆனால் கல்லூரிகளில் மாணவர் கையால், ஆசிரியர் மேற்பார்வையில், குறைந்த செலவில் கட்டிக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும், ஐந்தாறு தடவை போக வேண்டும். மாணவர்க்கு மதிப்பெண் அதில் இருப்பதால், திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சுபவர் அவரே.

எங்கள் பெரியம்மாவை அப்படி ஒரு கல்லூரிக்கு நாம் அழைத்துப் போனது அவருடைய எழுபத்திரண்டாம் வயதில். மாணவி ஒருத்தி பழைய புகைப்படம் ஏதேனும் உண்டா என்று கேட்டாள். இருந்தது ஒன்றே, திருமணத்தன்று ஆலயப் படியில் எடுத்தது. அதில் இடப்புறம் ஒரு தெற்றுப்பல் தெரிந்தது. மெழுகில் பல் அடுக்கிக் காட்டிய நாளில் பெரியம்மா கண்ணாடியை நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான் பாப்பா. என் தெத்துப்பல்லு எங்க?” என்றார். மாணவி ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மெழுகு மறுபடி உருகிற்று.

கட்டிய பின் நான்கு முறை போனோம். முதலில் இட்லி, பிறகு சோறு; இருபக்கமும் சேர்த்து மெல்லவும், முன்பல்லால் கடித்து இழுக்காதிருக்கவும் பழகினார். தேவநூலை உரக்க வாசித்து நாவைப் பழக்கச் சொன்னார்கள். தொண்டை கம்மும்வரை சங்கீதங்களை வாசித்தார். மூன்றாம் மாதத்தில் நெத்திலி வறுவல் கேட்டார். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைப்பது தவிர, பின்னர் அது முந்தானைக்குப் போகவில்லை. ஏழாண்டுக்குப் பின், தாடை சுருங்கி ஆட்டம் கண்டபோது அவரே கல்லூரிக்குப் பேருந்தேறிப் போய் மறுபூச்சுப் போட்டுவந்தார்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு, சித்தியை அழைத்து ஒன்று சொல்லி வைத்திருந்தார். அன்று விடியற்காலையில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, சித்தி மட்டும் எழுந்து போய்த் தண்ணீர்க் குவளையிலிருந்து பல்செட்டை எடுத்துத் துடைத்து, உடல் விறைக்குமுன் அவர் வாயில் மாட்டிவிட்டார்.